செக்குக்கு 45 "கூடாது"

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடனுக்குச் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர்கள் செக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மாதம் இருநூறு செக் வரும். அதில் பத்துப் பதினைந்து "கணக்கில் பணம் போதவில்லை" என்று திரும்பும். நோட்டில் எழுதி மாளவில்லை என்று ஒரு மென்பொருள் செய்து வாங்கினார்.

ஒரு நாள் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் செக் திரும்பியது. வியாபாரி போன் போட்டுக் கேட்டார். "ரெண்டு நாள் பொறுத்து மறுபடியும் போடுங்கண்ணா, பணம் இருக்கும்" என்றார் அவர். போட்டார்கள். பணம் ஆகிவிட்டது. கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த வாரம் அதே வாடிக்கையாளரின் கடைக்கு வக்கீல் நோட்டீஸ் போய்ச் சேர்ந்தது. பதினைந்து வருடப் பழக்கம் அன்றோடு போச்சு.

கதை கற்பனை. ஆனால் அதற்குள் இருக்கும் பிழை கற்பனை அல்ல. அந்த மென்பொருளுக்குச் சோதனைகள் எழுதவில்லையா? எழுதியிருந்தார்கள். எல்லாம் பச்சை விளக்குதான். "செக் திரும்பினால் நோட்டீஸ் அனுப்ப முடிகிறதா?" என்று ஒரு சோதனை. முடிகிறது, பாஸ். "செக் பணமானால் நிலை மாறுகிறதா?" மாறுகிறது, பாஸ். "பணமான செக்குக்கு நோட்டீஸ் போகாமல் இருக்கிறதா?" என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

நடக்க வேண்டியதைச் சோதிப்பது பாதி வேலைதான். நடக்கக் கூடாததைச் சோதிப்பது மீதிப் பாதி. அந்த மீதியைச் செய்வதற்கு, படித்தால் புரிகிற சொற்களில் சொந்தமாக மேட்சர் எழுதிக்கொள்வதே நல்ல வழி. அந்தச் சொற்களைப் புரோகிராமர் மட்டும் தீர்மானிக்கக் கூடாது, கணக்குப் பிள்ளையும் கூட உட்கார வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அவ்வளவுதான். காமர்ஸ் படிப்பவர்கள் "இது கம்ப்யூட்டர் சயின்ஸ் சமாச்சாரம்" என்று பக்கத்தை மூடிவிட வேண்டாம் :-)

ஸ்டேட் மெஷின் என்றால்?

பெயரைக் கேட்டுப் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு பொருள் எந்த நேரத்திலும் சில குறிப்பிட்ட நிலைகளில் ஏதோ ஒன்றில்தான் இருக்கும். ஏதாவது நிகழ்ந்தால் இன்னொரு நிலைக்கு மாறும். எந்த நிலையில் என்ன நிகழ்ந்தால் எங்கே போகலாம் என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கும். இதுதான் ஸ்டேட் மெஷின். 1955-ல் ஜார்ஜ் மீலியும் 1956-ல் எட்வர்ட் மூரும் மின்சுற்றுகளை விளக்குவதற்காக எழுதிய கட்டுரைகளால் இன்றும் "மீலி மெஷின்", "மூர் மெஷின்" என்று பாடத்தில் வருகிறது. 1987-ல் டேவிட் ஹாரல் இதையே விரிவாக்கி "ஸ்டேட்சார்ட்" என்ற பட முறையைக் கொடுத்தார்.

இவர்களுக்கெல்லாம் முன்பே ஒரு ஸ்டேட் மெஷின் இந்தியாவில் இருந்தது. அதன் பெயர் செக். மாற்றுமுறை ஆவணச் சட்டம் வந்தது 1881-ல். அந்தச் சட்டத்தில் செக் திரும்புவதைக் குற்றமாக்கும் 138-வது பிரிவு 1988-ல் நிறைவேறிய திருத்தத்தின் மூலம் சேர்ந்தது. அந்தப் பிரிவைப் படித்துப் பாருங்கள். அதில் இருப்பது நிலைகளும் நிகழ்வுகளும் கெடு நாட்களும்தான்.

செக்கை அதன் செல்லுபடிக் காலத்துக்குள் வங்கியில் போட வேண்டும். 2012 ஏப்ரல் 1 முதல் அந்தக் காலம் மூன்று மாதம். அதற்கு முன்பு ஆறு மாதம். செக் திரும்பினால், திரும்பிய தகவல் வங்கியிடமிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். 2002-ல் திருத்துவதற்கு முன் இந்தக் கெடு 15 நாளாக இருந்தது. நோட்டீஸ் கையில் கிடைத்த பிறகு செக் கொடுத்தவருக்கு 15 நாள் அவகாசம். அதற்குள்ளும் கட்டாவிட்டால், அவகாசம் முடிந்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

ஒரு நாள் முந்தினாலும் தப்பு, பிந்தினாலும் தப்பு. அந்த 15 நாள் முடிவதற்குள் கொடுத்த புகார், சட்டத்தின் கண்ணில் புகாரே அல்ல என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது அந்த நிலைமாற்றமே செல்லாது.

56 கட்டங்கள்

எளிமைக்காக நமது வியாபாரியின் மென்பொருளில் ஒரு செக்குக்கு எட்டு நிலைகள் என்று கொள்ளலாம். கையில் இருக்கிறது, வங்கியில் போட்டாயிற்று, பணமானது, திரும்பியது, நோட்டீஸ் அனுப்பியது, நோட்டீஸ் சேர்ந்தது, வழக்கில் இருக்கிறது, தீர்ந்தது. நிஜத்தில் இன்னும் கூடலாம்.

நிகழ்வுகள் ஏழு. வங்கியில் போடு, பணமாகு, திரும்பு, நோட்டீஸ் அனுப்பு, நோட்டீஸ் சேர், வழக்குப் போடு, தொகையை நேரில் பெறு.

இப்போது ஒரு தாளை எடுத்து இடப்பக்கம் எட்டு நிலைகளையும், மேலே ஏழு நிகழ்வுகளையும் எழுதிக் கட்டம் போடுங்கள். மொத்தம் 56 கட்டங்கள். எதில் எல்லாம் "சரி" போடலாம்?

கையில் இருப்பதை வங்கியில் போடலாம். வங்கியில் போட்டது பணமாகலாம், திரும்பலாம். திரும்பியதை மறுபடி போடலாம் அல்லது நோட்டீஸ் அனுப்பலாம். அனுப்பிய நோட்டீஸ் சேரலாம். சேர்ந்த பிறகு வழக்குப் போடலாம். இதுவரை ஏழு. திரும்பியது, நோட்டீஸ் அனுப்பியது, நோட்டீஸ் சேர்ந்தது, வழக்கில் இருப்பது என்ற நான்கு நிலைகளில் எதிலும் செக் கொடுத்தவர் நேரில் வந்து தொகையைக் கொடுத்தால் விஷயம் தீர்ந்தது. அது நான்கு. ஆக 11.

மிச்சம் 45 கட்டங்களில் "கூடாது".

பெரும்பாலான நிரல்களுக்கு எழுதும் சோதனைகளைப் பார்த்தால், அந்த 11-க்கும் ஒவ்வொன்று இருக்கும். 45-ல் இரண்டோ மூன்றோ பேருக்கு இருக்கும். காரணம் சோம்பேறித்தனம் மட்டும் அல்ல. சாதாரண முறையில் ஒரு "கூடாது" சோதனையை எழுதுவதற்கு ஆறு ஏழு வரி வேண்டும். செக்கை உருவாக்கு, நிலையை வை, நிகழ்வை நடத்து, பிழை வருகிறதா பார், நிலை மாறவில்லையா பார். இதை 45 முறை எழுத யாருக்குப் பொறுமை இருக்கும்? எழுதினாலும் யார் படிப்பார்கள்?

மேட்சருக்கு வேலை இங்கேதான் வருகிறது.

மேட்சர் என்ன செய்கிறது?

சோதனை எழுதும் கருவிகளின் பழைய வழக்கம், "இதுவும் அதுவும் சமமா?" என்று கேட்பது. சமம் என்றால் பாஸ், இல்லையென்றால் பெயில். எண்களுக்கு இது போதும். விதிகளுக்குப் போதாது. அதனால் ஒப்பிடும் வேலையைத் தனியே ஒரு சிறு பொருளாகப் பிரித்து, அதற்கு ஒரு பெயர் கொடுத்தார்கள். அதுதான் மேட்சர். ஜாவாவில் ஹேம்கிரெஸ்ட் என்று ஒரு நூலகம் உண்டு. மேட்சர்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் வரும் பெயர் அது. ரூபி மொழியில் 2005-ல் தொடங்கிய ஆர்ஸ்பெக் இந்த வழக்கத்தைப் பரவலாக்கியது. இரண்டிலுமே, கூடவே வரும் மேட்சர்கள் போதவில்லை என்றால் சொந்தமாக எழுதிக்கொள்ளலாம்.

மேட்சருக்கு முக்கியமாக இரண்டு வேலை. பொருந்துகிறதா என்று பார்ப்பது ஒன்று. பொருந்தாவிட்டால் என்ன கோளாறு என்று சொல்வது இன்னொன்று. இரண்டாவது வேலையைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். அதுதான் பெரிய வேலை.

சொந்த மேட்சர் இருந்தால் சோதனை இப்படி இருக்கும்:

"திரும்பிய செக், நோட்டீஸ் அனுப்பு என்பதை ஏற்று, நோட்டீஸ் அனுப்பியது என்ற நிலைக்குப் போக வேண்டும்."

"பணமான செக், நோட்டீஸ் அனுப்பு என்பதை மறுக்க வேண்டும்."

ஒரு வரிக்கு ஒரு விதி. 56 கட்டங்களும் 56 வரி. ஜவுளிக் கடை கணக்குப் பிள்ளைக்கு அச்சடித்துக் கொடுத்தால் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து சரிபார்த்துவிடுவார். ஆறு வரி நிரலைக் கொடுத்தால் அவர் "நீங்களே பாத்துக்கோங்க தம்பி" என்று போய்விடுவார். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நோட்டீஸ் போகுமா போகாதா என்பதைத் தீர்மானிக்கிறது.

ஸ்டேட் மெஷின் எழுத உதவும் நூலகங்களில் சில, இந்த மாதிரி மேட்சர்களையும் சேர்த்தே தருகின்றன. ரூபியில் ஏஏஎஸ்எம் என்பது அப்படி ஒன்று. இந்த நிலையிலிருந்து இந்த நிலைக்கு இந்த நிகழ்வால் மாறுகிறதா என்று ஒரே வரியில் கேட்கலாம். அப்படியிருக்க சொந்தமாக எதற்கு?

தயார் மேட்சர் பிடிக்காத பிழை

நமது வியாபாரியின் கதைக்குத் திரும்பலாம். அந்த மென்பொருளில் பிழை எங்கே இருந்தது? நோட்டீஸ் அனுப்பும் பகுதியை எழுதியவர், செக்கின் இப்போதைய நிலை என்ன என்று பார்க்கவில்லை. "இந்தச் செக்குக்குத் திரும்பிய தேதி என்று ஒன்று பதிவாகியிருக்கிறதா?" என்று பார்த்தார். தேதி இருந்தால் நோட்டீஸ், இல்லாவிட்டால் மறுப்பு. முதல் பார்வைக்குச் சரியாகத்தான் தெரியும். திரும்பி, மறுபடி போட்டு, பணமான செக்கில் அந்தத் தேதி அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

இப்போது ஏஏஎஸ்எம் தரும் மேட்சரைப் போல, ஒரு மேட்சர் செக்கை நேரடியாக "பணமானது" என்ற நிலையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, "நோட்டீஸ் அனுப்பு" என்று சொல்லிப் பார்க்கிறது என்று கொள்ளுங்கள். என்ன ஆகும்? புதிதாக உருவான அந்தச் செக்குக்குத் திரும்பிய தேதியே கிடையாது. அதனால் நிரல் மறுத்துவிடும். சோதனை பாஸ்! பிழை உள்ளே அப்படியே இருக்கும்.

இங்கேதான் சொந்த மேட்சருக்குத் தேவை வருகிறது. அது செக்கைத் தூக்கிக் கொண்டுபோய் ஒரு நிலையில் வைக்கக் கூடாது. நடத்திக் கூட்டிப்போக வேண்டும்.

"போடு, திரும்பு, போடு, பணமாகு என்ற வழியில் வந்த செக், நோட்டீஸ் அனுப்பு என்பதை மறுக்க வேண்டும்."

இப்படி எழுதினால் அந்தப் பிழை முதல் நாளே மாட்டியிருக்கும். நிலை ஒன்றுதான், ஆனால் வந்த வழி வேறு. கணக்குப் பதிவியல் படிப்பவர்களுக்கு இது புதிது அல்ல. பேரேட்டில் இருப்பு ஒன்றாக இருந்தாலும், அது எந்தக் குறிப்பேட்டுப் பதிவுகளால் வந்தது என்பது தணிக்கையாளருக்கு முக்கியம் அல்லவா?

"மறுக்க வேண்டும்" என்பதில் உள்ள பள்ளங்கள்

"ஏற்க வேண்டும்" என்ற மேட்சரை எழுதுவது சுலபம். "மறுக்க வேண்டும்" என்பதை ஒழுங்காக எழுதுவதுதான் கடினம். குறைந்தது மூன்று விஷயங்களை அது கவனிக்க வேண்டும்.

முதலாவது, சொல்லப்பட்ட நிகழ்வு உண்மையிலேயே இருக்கிறதா? சோதனை எழுதுகிறவர் அவசரத்தில் "நோட்டீஸ் அனுப்பு" என்பதற்குப் பதிலாக "நேட்டீஸ் அனுப்பு" என்று தட்டிவிட்டார் என்று வையுங்கள். அப்படி ஒரு நிகழ்வே இல்லாததால் செக் "மறுத்துவிடும்". சோதனை பாஸ். எழுத்துப் பிழைக்குப் பரிசாகப் பச்சை விளக்கு! "ஏற்க வேண்டும்" என்ற சோதனையில் எழுத்துப் பிழை இருந்தால் உடனே பெயிலாகி மாட்டிக்கொள்ளும். "மறுக்க வேண்டும்" என்பதில் அது வாழ்நாள் முழுக்க ஒளிந்திருக்கும். ஆகவே மேட்சர் முதலில் நிகழ்வின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் சத்தம் போட வேண்டும்.

இரண்டாவது, மறுத்த பிறகு எதுவும் மாறாமல் இருக்கிறதா? நிரல் முதலில் நோட்டீஸ் கடிதத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு "மன்னிக்கவும், இந்த நிலையில் முடியாது" என்று சொன்னால் என்ன பிரயோஜனம்? நிலை மாறவில்லை என்பது உண்மை. கடிதம் தபாலில் போய்விட்டது என்பதும் உண்மை. எனவே நிலை அப்படியே இருக்கிறதா, அனுப்ப வேண்டிய கடிதங்களின் வரிசையில் புதிதாக ஒன்றும் சேரவில்லையா, பேரேட்டில் புதுப் பதிவு ஏதும் விழவில்லையா என்று மூன்றையும் பார்த்தால்தான் அது மறுப்பு.

மூன்றாவது, தோற்கும்போது மனிதன் பேசுவது போலப் பேசுகிறதா? "எதிர்பார்த்தது பொய், கிடைத்தது மெய்" என்று ஒரு செய்தி வந்தால், ராத்திரி பதினொரு மணிக்கு அதைப் பார்க்கிறவருக்கு என்ன விளங்கும்? அதற்குப் பதிலாக, "போடு, திரும்பு, போடு, பணமாகு என்ற வழியில் வந்த செக் நோட்டீஸ் அனுப்ப மறுத்திருக்க வேண்டும். ஆனால் நோட்டீஸ் அனுப்பியது என்ற நிலைக்கு மாறிவிட்டது. கடித வரிசையில் ஒரு கடிதம் சேர்ந்திருக்கிறது" என்று வந்தால்? எங்கே தேடுவது என்பதை அந்தச் செய்தியே சொல்லிவிடுகிறது.

நாள் கணக்கு

செக் விஷயத்தில் கெடு நாட்களைச் சோதிக்காத சோதனைக்கு மதிப்பே இல்லை. 30-வது நாள் நோட்டீஸ் அனுப்ப முடிய வேண்டும். 31-வது நாள் மறுக்க வேண்டும். நோட்டீஸ் சேர்ந்த 15-வது நாள் வழக்குப் போட மறுக்க வேண்டும். 16-வது நாள் ஏற்க வேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நடுவில் 10-வது நாளைச் சோதித்துவிட்டுத் திருப்திப்படுவதில் அர்த்தமில்லை. இதற்குச் சோதனையில் ஓடும் கடிகாரம் எழுதுகிறவர் கையில் இருக்க வேண்டும். நிஜக் கடிகாரத்தை நம்பினால் இன்று பாஸாகும் சோதனை அடுத்த மாதம் பெயிலாகும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. நோட்டீஸுக்குச் சட்டம் சொல்வது 30 நாள். புகாருக்குச் சொல்வது ஒரு மாதம். இரண்டும் ஒன்றல்ல. மாதம் என்றால் நாட்காட்டி மாதம். பிப்ரவரியில் அது 28 நாளாகக் கூட இருக்கலாம். நிரலில் இரண்டு இடத்திலும் 30 என்று எழுதிவிட்டால் பிப்ரவரியில் மாட்டிக்கொள்வார்கள். முதல் நாளைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்பதே உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ந்த கேள்வி. "30 நாளுக்குள் ஏற்க வேண்டும்", "ஒரு மாதத்துக்குள் ஏற்க வேண்டும்" என்று இரண்டு தனி மேட்சர்கள் இருந்தால், படிக்கிறவர் கண்ணில் அந்த வித்தியாசம் உடனே படும். வெறும் எண்ணாக எழுதினால் யார் கண்ணிலும் படாது.

எதிர்ப்புக் குரல்கள்

"இதெல்லாம் ஓவர்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

மேட்சருக்குள் வேலையை ஒளித்துவிட்டால், சோதனை என்ன செய்கிறது என்பதே தெரியாமல் போகும் என்பது ஒரு வாதம். உண்மைதான். இரண்டு நிலைகள் மட்டும் உள்ள ஒரு விஷயத்துக்கு மேட்சர் எழுதுவது, கொசுவை அடிக்கப் பீரங்கி கொண்டு வருவது மாதிரி. ஆனால் 56 கட்டம் என்று வரும்போது, ஒளிப்பதும் சுருக்குவதும் வேறு வேறு. ஒரே வேலையை ஒரு இடத்தில் எழுதிப் பெயர் வைப்பது சுருக்குவது. பேரேட்டில் ஒவ்வொரு விற்பனையையும் எழுதாமல் விற்பனை ஏட்டின் மொத்தத்தை எடுத்து எழுதுவதை யாரும் ஒளித்து வைப்பது என்று சொல்வதில்லையே.

மேட்சரிலேயே பிழை இருந்தால்? இது இன்னும் நல்ல கேள்வி. தராசு வைத்திருக்கும் கடைக்காரர் தராசுக்கும் முத்திரை வாங்கத்தான் வேண்டும். மேட்சருக்கும் அப்படித்தான். வேண்டுமென்றே தப்பாக எழுதிய ஒரு செக்கை அதனிடம் கொடுத்து, அது பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஏற்கும் செக் ஒன்று, மறுத்துவிட்டுக் கடிதம் அனுப்பும் செக் ஒன்று, எதையுமே ஏற்காத செக் ஒன்று. இந்த மூன்றையும் பிடிக்காத மேட்சரை நம்பி வியாபாரம் செய்ய முடியாது.

மூன்றாவது வாதம்தான் கனமானது. "நிரலிலும் ஒரு பட்டியல், சோதனையிலும் அதே பட்டியல். ஒன்றைப் பார்த்து இன்னொன்றைக் காப்பி அடிப்பதற்குப் பெயர் சோதனையா?"

இதற்குப் பதில் காமர்ஸ் வகுப்பில் இருக்கிறது.

இரண்டு கை எழுதிய இரண்டு ஏடு

இருப்பாய்வு தயாரித்து இரண்டு பக்கமும் கூட்டல் சமமாக வந்துவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமா? இல்லை என்று பிளஸ் ஒன் புத்தகமே சொல்கிறது. ஒரு பதிவை அடியோடு விட்டுவிட்டாலும் சமமாக வரும். இயந்திரம் வாங்கியதைக் கொள்முதல் கணக்கில் எழுதினாலும் சமமாக வரும். ஏனென்றால் இருப்பாய்வு அதே ஏடுகளிலிருந்துதான் பிறக்கிறது. தன்னைத் தானே பார்த்து "நான் சரி" என்று சொல்லிக்கொள்கிறது.

வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் அப்படி அல்ல. ரொக்க ஏட்டை வியாபாரி எழுதுகிறார். வங்கி அறிக்கையை வங்கி எழுதுகிறது. ஒருவரை ஒருவர் பார்த்து எழுதுவதில்லை. அதனால்தான் இரண்டையும் ஒப்பிடும்போது விடுபட்டது வெளியே வருகிறது. ஒப்பீட்டின் பலம், இரண்டு ஏட்டையும் இரண்டு கை எழுதியது என்பதில் இருக்கிறது.

நிரலைப் பார்த்து எழுதிய சோதனை, இருப்பாய்வு. சட்டத்தையும் தொழிலையும் தெரிந்தவர் தனியாக உட்கார்ந்து எழுதிய 56 கட்டத்தை நிரலோடு ஒப்பிடும் சோதனை, சரிக்கட்டும் பட்டியல். மேட்சர் எழுதுவதன் முழுப் பயனும் இங்கேதான் கிடைக்கிறது. நிரல் தெரியாத ஒருவர் தன் மொழியில் விதியை எழுதலாம், அது அப்படியே ஓடும். கட்டத்தை எழுதுவது கணக்குப் பிள்ளை, மேட்சரை எழுதுவது புரோகிராமர் என்று வேலை பிரிந்தால், காப்பி அடிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

காமர்ஸ் மாணவர்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. கம்பெனிகளில் மென்பொருள் வாங்கும்போது "எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு சார்" என்று சொல்வார்கள். தலையாட்டிவிட்டு வருவதுதான் வழக்கம். அதற்குப் பதிலாக, "எது எதெல்லாம் நடக்கக் கூடாது என்று சோதித்தீர்கள்? அந்தப் பட்டியலைக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். படிக்கிற மாதிரி ஒரு தாள் வந்தால் நல்லது. வராவிட்டால் அந்த 45 கட்டத்தில் எங்கோ ஒரு வக்கீல் நோட்டீஸ் காத்துக்கொண்டிருக்கிறது.

செக் பழங்கதை, இப்போது எல்லாம் யூபிஐ என்று சிலர் சொல்லலாம். அங்கேயும் இதே கதைதான். அனுப்பியவர் கணக்கில் கழிந்து, பெறுபவர் கணக்கில் சேராமல் நடுவில் நிற்கும் நிலையை அனுபவிக்காதவர் உண்டா? தனிநபருக்கு அனுப்பிய பணம் அப்படி நின்றால் அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்தது. திரும்பிய பணம் இரண்டாவது முறை திரும்பக் கூடாது என்று யாராவது ஒரு வரி எழுதி வைத்திருந்தால்தான் அந்த விதி ஒழுங்காக ஓடும்.

விதி மாறும்போது

கடைசியாக ஒன்று. விதிகள் கல்லில் செதுக்கியவை அல்ல. நோட்டீஸ் அனுப்பிவிட்டுக் குறித்த காலத்தில் வழக்குப் போடாமல் விட்டவர், அதே செக்கை மறுபடி வங்கியில் போட்டு, அது மறுபடி திரும்பினாலும், அதை வைத்து வழக்குப் போட முடியாது என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. செல்லுபடிக் காலத்துக்குள் மறுபடி போட்டுத் திரும்பினால், அந்தத் திரும்புதலை வைத்தும் வழக்குத் தொடரலாம் என்றாகிவிட்டது.

மேலே போட்ட கட்டத்தில் பாருங்கள். "நோட்டீஸ் சேர்ந்தது" என்ற நிலையில் "வங்கியில் போடு" என்பதற்குக் "கூடாது" என்று இருக்கிறது. அந்தக் கட்டம் பழைய தீர்ப்பின்படி போட்டது. புதிய தீர்ப்பின்படி அங்கே "சரி" வர வேண்டும். 11 என்பது 12 ஆகும், 45 என்பது 44 ஆகும்.

ஆறேழு வரிச் சோதனைகளாகச் சிதறிக் கிடந்தால், எந்தக் கோப்பில் எதை மாற்றுவது என்று தேட வேண்டும். கட்டமும் மேட்சரும் இருந்தால் கணக்குப் பிள்ளை ஒரு வார்த்தையை அடித்துவிட்டு இன்னொரு வார்த்தை எழுதுவார். உடனே ஒரு சோதனை பெயிலாகும். அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துப் புரோகிராமர் நிரலைத் திருத்துவார்.

பச்சை விளக்கை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தச் சிவப்பு எரிச்சலாக இருக்கும். ஆனால் சட்டம் மாறிய அன்றே மென்பொருள் அதை ஒத்துக்கொண்டதற்கு அதுதான் சாட்சி. ஈரோட்டு வியாபாரிக்கு அந்தச் சிவப்பு விளக்கு ஒரு வாரம் முன்பு எரிந்திருந்தால், பதினைந்து வருடப் பழக்கம் தப்பித்திருக்கும்.